படகோ பசுவோ

பணகுடிக்குத் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவில்
முத்தாரம்மன் கொடை.
சாமக்கொடைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.
சீவாளியை நாக்கில் ஊறவைத்துக்கொண்டு
காதில் கம்பியை மாட்டியிருக்கிறேன்.
"என்னட்டி கேக்கே?" என்கிறார் தவில் பூதத்தான்.
"பாட்டு."
"அது தெரியுது. எந்த ஊருப் பாட்டு?"
சொன்னால் சிரிப்பார். சொல்லவில்லை.

தம்பி உச்சிமாகாளி அயர்லாந்தில் நர்ஸ்.
அங்கே அவன் மக்காலி.
அந்த ஊர்ப் பெயர் மாதிரியே இருக்கிறதாம்,
ஆளைப் பார்த்த பிறகுதான் முழிப்பார்களாம்.
அவன் வார்டில் மாரின்,
மீன் கம்பெனியில் காலமெல்லாம் செதில் சீவியவள்.
மாத்திரை கேட்பது இங்கிலீஷில்,
பாடுவது ஐரிஷில்.
நாடி பார்க்கக் கையைப் பிடித்திருக்கிறான்;
அவள் அந்தக் கையையே பற்றிக்கொண்டு
கிணற்று உருளை போல மெல்லச் சுற்றிச் சுற்றிப்
பாட ஆரம்பித்துவிட்டாள்.
மறுகையால் பதிந்து எனக்கு அனுப்பினான்.
நாலு நிமிஷம் பதினொரு வினாடி.
நாடியைக் கடைசிவரை எண்ணவில்லை.

தாளம் கிடையாது. சுருதிப்பெட்டிக்குப் பதில்
பக்கத்துக் கட்டிலில் ஏதோ மெஷின் முனகுகிறது.
அரிகாம்போதி வாசல்வரை வந்து
செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போகிற மாதிரி ஒரு நடை.
பள்ளிக்கூடத்தில் மூன்று புள்ளியாய் வரைந்துவிட்டு
வாயால் நாம் சொல்லாமலே விட்ட ஆய்தம்
அவள் தொண்டையில் குடும்பம் நடத்துகிறது.
என்ன அர்த்தம் என்று தம்பியைக் கேட்கச் சொன்னேன்.
ஒருநாள் படகு என்றாளாம்,
இன்னொரு நாள் பசு.
மூன்றாம் நாள் கேட்பதற்குள் கட்டில் காலி.

இது ஒன்றுதான் என்னை ஆக்கியது என்றால் பொய்.
வள்ளியூர் மினிபஸ்ஸில் நாலு வருஷம்
கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி
டிரைவரின் பென்டிரைவுக்குக் காது கொடுத்தவள் நான்.
ஒரே வளைவை மூன்று தடவை காட்டி
நெஞ்சில் கொக்கியை மாட்டிவிட்டு
அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போய்விடும் அந்தப் பாப் பாட்டுகள்.
ஆலாபனையை எங்கே விட வேண்டும் என்று
அவைதான் எனக்குச் சொல்லின.
ஆட்டோட்யூன் இஸ்திரி போட்ட குரல்களைக் கேட்டுக் கேட்டுத்தான்
என் கமகத்தில் எது கோணல் என்று தெரிந்தது.
நேராக்கவில்லை.
இன்னும் கொஞ்சம் வளைத்தேன்.

"கலப்படம்" என்றார் பாளையங்கோட்டையில் ஒரு சபாக்காரர்.
அந்நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில்
கொரியாக்காரன் ஒருவன் பாடினான்.
மகள் வைத்த ரிங்டோனாம்.

மாரின் கடைசி வரியைப் பாடமாட்டாள், பேசுவாள்.
'கதவைச் சாத்திட்டு வா' என்பதுபோல
சும்மா, சாதாரணமாக.
அந்தப் பக்கத்தில் அப்படி முடிக்கிற வழக்கம் உண்டாம்.
நாயனத்தால் பேச முடியுமா?
ஆறு மாதம் முயன்றேன்.
வாத்து கத்தியது.

சாமம். பம்பை ஓய்ந்து, உறுமி ஓய்ந்து,
சாமியாடி தண்ணீர் குடிக்கிற இடைவெளி.
ஊதினேன்.
பூதத்தான் கழியை ஓங்கியபடி காத்திருந்தார்.
அடிக்க ஓர் இடம் வரவேயில்லை.
கெட்டிக்காரர், அடிக்கவில்லை.
கடைசி வரி வந்ததும் நாயனத்தை வாயிலிருந்து எடுத்தேன்.
மைக் பக்கத்தில் இருந்தது.
எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை.
"படகோ பசுவோ, வீடு வந்து சேரட்டும்" என்றேன்.

இருட்டில் இறக்கைகள் காற்றை வெட்டும் சத்தம்.
"மைக்செட்டு போயிட்டு போல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.
ஒரு பையன் விசிலடித்து சினிமாப் பாட்டு கேட்டான்.
அதையும் ஊதினேன், மனசாரத்தான்.

திரும்புகிற வேனில் எல்லோரும் தூக்கம்.
நாங்குநேரி டோல்கேட் வெளிச்சத்தில்
பூதத்தான் மட்டும் கண்ணைத் திறந்து சொன்னார்:
"அந்தப் பாட்டை எனக்கும் அனுப்பி விடு.
நான் அடிக்காத இடத்தையெல்லாம்
இன்னொரு மட்டம் கேக்கணும்."